பிணை நிற்க ஆள் தேடி: ஒரு தோட்டத்து ஏடும் வெளியிலிருந்து வந்த காசும்

பிணை கொடுக்கலாம் என்று நீதவான் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துப் பையன் தன் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, திரும்பி வர 16 நாள் ஆனது. அதற்கு முன்பே 14 நாள் விளக்கமறியலில், அதாவது தீர்ப்புக்கு முந்திய காவலில், இருந்துவிட்டான். அந்த 14 நாள் நீதிமன்றம் போட்ட கணக்கு, சரி. மிச்சம் 16 நாள் யார் போட்ட கணக்கு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சட்டத்தரணி இல்லை. மனு எழுதிக் கொடுப்பது, சிங்களக் கடதாசியைத் தமிழில் வாசித்துச் சொல்வது, நீதிமன்றத் தவணைக்குக் கூடப் போய் நிற்பது, இவைதான் நான் செய்கிற வேலை. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷன். 2023 மார்ச், மாசிப் பௌர்ணமியை ஒட்டி காமன் கூத்து நடந்த இரவு. இரண்டு லயத்துப் பையன்களுக்குள் வாய்த்தகராறு, அப்புறம் கைகலப்பு. ஒருவனுக்கு முழங்கையில் வெட்டு. கூரைத் தகரம் கிழித்தது என்று இந்தப் பக்கம் சொன்னார்கள், கத்தி என்று அந்தப் பக்கம். முறைப்பாட்டில் ஏறியது கத்தி. பிடிபட்டவனுக்கு வயது 22, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, கூத்துக்காக லீவு போட்டு வந்தவன். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். கடையில் புழங்குகிற சிங்களம் அவன் வாய்க்கு வரும், வாசிக்கத் தெரியாது. "எதுல கையெழுத்து வச்சேன்னே தெரியாதுண்ணே. வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். ஆனால் நீதிமன்றப் படியேறும் முன்பே, பொலிஸ் மேசையில் வைத்த கையெழுத்தோடு வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது.

இரண்டாம் தவணையில் பிணை கிடைத்தது. ரொக்கமாக 10,000 ரூபா, அதோடு தலா ஓர் இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை. இந்தக் கதையை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் உடனே, "பாவம், காசில்லாமல் உள்ளே கிடந்திருக்கிறான்" என்பார்கள். காசு அரை நாளில் கிடைத்தது. அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். ஆள்தான் கிடைக்கவில்லை.

சரீரப் பிணைக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. சந்தேகநபர் தவணைக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் முறியில் கையெழுத்திடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அவர் இன்ன இடத்தில் நிரந்தரமாக வசிக்கிறவர் என்று கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) சான்றிதழ் தர வேண்டும், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் விழ வேண்டும். சொந்த வீடும் காணி உறுதியும் உள்ள கிராமத்தில் இது ஒரு காலை நேரத்து வேலை. லயத்தில் அப்படி இல்லை. காம்பிரா, அதாவது லயத்து அறை, கம்பனியுடையது. உறுதி கிடையாது. கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போனவர்களின் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து விலாசமே கிடக்கும்.

முதலில் தாய்மாமன் வந்தார். பக்கத்து லயத்தில்தான் குடியிருக்கிறார், அட்டையிலோ மஸ்கெலியாப் பக்கத்து விலாசம். "இவரை என் பிரிவு ஆள் என்று நான் எப்படி எழுதுவது?" என்றார் ஜீ.எஸ். கேட்டதில் பிழையும் இல்லை. அடுத்தது அக்காவின் கணவர். வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் சிங்கள எழுத்துக்கு மாறியபோது 'ரா' எங்கேயோ விழுந்துபோயிருந்தது, தலைப்பெழுத்தும் வேறு. அதைச் சரிசெய்ய ஒரு சத்தியக்கடதாசி, அதற்கு ஒரு சமாதான நீதவான், அவரைப் பிடிக்க ஒரு நாள். மூன்றாவது, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். சரி என்று சொல்லிவிட்டு இரவோடு இரவாகப் பின்வாங்கினார், முறைப்பாட்டுக்காரர் வீட்டில் அவருக்குச் சம்பந்த உறவு. கடைசியாகக் கோயில் தலைவர். எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தது, மேலொப்பம் மட்டும் இல்லை. திரும்பவும் டவுனுக்கு. நடுவில் போயா, பௌர்ணமி விடுமுறை. ஏப்ரல் 5 போயாவுக்கும் 7 பெரிய வெள்ளிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட வியாழக்கிழமையன்று அவன் வெளியே வந்தான்.

கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். அம்மாவுக்கும் நட்டம். பல்லேகலைச் சிறைக்கு ஒருமுறை போய் மகனைப் பார்த்துவர ஒரு பேர் போகும், அதாவது 2021இல் நிர்ணயித்து அப்போது நடப்பிலிருந்த 1,000 ரூபா நாட்சம்பளம். பஸ் காசு தனி. ஒரு பழைய விஷயம் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் 1876இல் கட்டிய போகம்பரைச் சிறை கண்டி நகரின் நடுவிலேயே இருந்தது. பஸ்ஸால் இறங்கி நடந்தே போய்விடலாம். 2014இல் அதை மூடிப் பல்லேகலைக்கு மாற்றியது கைதிகளுக்கு நல்லதுதான், அந்தப் பழைய கட்டடத்தில் மனுசன் இருக்க முடியாது. ஆனால் மலையிலிருந்து போகிற தாய்மாருக்கு இன்னொரு பஸ் கூடிவிட்டது.

சட்டம் மோசமானதா என்று கேட்டால், இல்லை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தொடங்குகிறது. சந்தேகநபர் தன் சொந்த உறுதிமொழியில் வெளியே போகவும் அதில் வழி உண்டு. ஆனாலும் சிறைகள் நிரம்பி வழிகின்றன. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு அந்த நெரிசலை விரிவாகப் பதிவு செய்தது. அதற்குச் சில வாரம் முன்பு, நவம்பர் 29 அன்று, மஹர சிறைக் கலவரத்தில் 11 கைதிகள் செத்தார்கள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விளக்கமறியல்காரர்கள். அவர்களில் எத்தனை பேர் பிணை கிடைத்த பிறகும் ஒரு கடதாசிக்காகக் காத்திருக்கிறவர்கள் என்று யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும்.

பையன் வந்த கிழமையே மரணாதார சங்கத்தின் மாதக் கூட்டம். எங்கள் தோட்டங்களில் எது இருக்கிறதோ இல்லையோ, இந்தச் சங்கம் இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சேர்ப்பார்கள். சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணிச் செலவு எல்லாம் அதிலிருந்து. செயலாளர் அன்று எழும்பி, பிணை நிற்க வருகிறவருக்குப் பஸ் காசும் போகிற நாளுக்கு ஒரு பேரும் சங்கத்திலிருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டார். ஒரு பெரியவர் விடவில்லை. "செத்தவங்களுக்குச் சேர்த்த காசு அது. அதுல கை வைக்காதீங்க." பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தாய் முப்பது நாளும் எழவு வீட்டுல இருக்கிற மாதிரிதானேப்பா இருந்துச்சு." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

காசை விட உதவியது ஓர் ஏடு. 80 பக்கக் கொப்பி. டிவிஷனில் யாருடைய அட்டை விலாசமும் இடாப்பும் ஒத்துப்போகின்றன, யார் பிணை நிற்கச் சம்மதம், யாருக்கு எந்தக் குடும்பத்தோடு பகை அல்லது உறவு என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கடைசி விவரம் எனக்குத் தோன்றியிருக்காது. கணக்கப்பிள்ளையால் பட்டது அவர்களுக்குத்தான் தெரியும். பெயர் விழுந்துபோனவர்களின் கடதாசிகளை அவசரம் வரும் முன்பே, மழைக்குக் கொழுந்து குறைந்த நாட்களில் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். பிணை எடுத்ததோடு சங்கத்தின் வேலை முடியவில்லை. தவணைக்கு முதல் நாள் இரவு ஒருவர் லயத்துக்கு வந்து, "நாளைக்கு முதல் பஸ், மறந்துடாதே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் தோற்ற ஒரு விவாதத்தையும் எழுத வேண்டும். மனைவியை அடித்து உள்ளே போனவனுக்கு இந்த ஏட்டிலிருந்து ஆள் கொடுப்பதா? மாதர் சங்கப் பெண்கள் முடியவே முடியாது என்றார்கள். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவன் சந்தேகநபர் மட்டுமே என்று நான் பாடம் எடுத்தேன். "நிரூபிக்கிற வரைக்கும் அவன் எந்தக் காம்பிராவுல படுப்பான் தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பிரா, ஒரே சுவர், ஒரே பைப். அப்படிப்பட்ட வழக்குக்குப் பிணை இல்லை என்று ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். மக்கள் கையில் முடிவைக் கொடுங்கள் என்று எழுதுகிற நமக்கு, அந்த மக்கள் நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும்போதுதான் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரிகிறது. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை, சரி என்றும் முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

தண்டப்பணத்துக்கும் சங்கம் காசு கொடுக்கவில்லை. கசிப்பு (கள்ளச்சாராய) வழக்குகளுக்கு வாசல் திறந்துவிட்டால் காசுப் பெட்டி ஒரு மாதத்தில் காலி என்று பயந்தார்கள். நியாயமான பயம். ஆனால் இலங்கையில் தண்டனைக் கைதியாகச் சிறைக்குள் போகிறவர்களில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்களே. சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணி செய்ய வைக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது தெரிந்து அதைக் கேட்டு வாங்கும் ஆள் லயத்தில் குறைவு.

2023 டிசம்பர் 17இல் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் சுற்றிவளைப்புகள் நாடு முழுக்கத் தொடங்கின. போதைப்பொருள் வழக்குகளில் எல்லாவற்றுக்கும் நீதவான் பிணை கொடுக்க முடியாது, அவற்றில் ஏடு உதவவில்லை. பிணை கிடைத்த சின்ன வழக்குகளில் உதவியது. பக்கத்து டிவிஷன்காரர்களும் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

இனி கொடையாளர் கதை. 2024 தொடக்கத்தில் வெளிநாட்டுக் கொடை நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வந்தார்கள், பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் பாய் விரித்து எங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். அமெரிக்காவில் சமூகப் பிணை நிதியங்கள் செய்ததை அவர்களில் ஒருவர் விளக்கினார். நியூயோர்க்கில் 2007இல் தொடங்கிய பிரொங்ஸ் ஃப்ரீடம் ஃபண்ட் ஏழைகளின் பிணைப் பணத்தைக் கட்டும். ஆள் தவணைகளுக்கு ஒழுங்காக வந்து வழக்கு முடிந்தால் அந்தப் பணம் நிதியத்துக்குத் திரும்பும், அதே காசில் அடுத்தவரை எடுக்கலாம். அந்த அனுபவத்திலிருந்துதான் 2018இல் நாடளாவிய பெய்ல் புரொஜெக்ட் பிறந்தது. அப்படி ஒரு சுழல்நிதியை இங்கே வைக்கலாமே என்றார்.

அழகான யோசனை. எங்களுக்குப் பொருந்தாது. அங்கே கதவை அடைத்து நின்றது காசு, அதனால் காசால் திறந்தார்கள். இங்கே தோட்டை அடகு வைத்தால் காசு வந்துவிடும். காசால் வாங்கவே கூடாத ஒன்று சரீரப் பிணையாள். நீதிமன்ற வாசலில் கூலிக்குப் பிணை நிற்கிறவர்கள் அகப்பட்டு அவர்களே உள்ளே போன கதைகள் உண்டு. ஆகவே பெரிய நிதி ஒன்றை இங்கே கொட்டினால் அது அந்த வாசலைத்தான் முதலில் தேடிப் போகும் என்று நான் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சின்னப் பாத்திரத்தில் பெரிய காசு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. 2020இல் ஜோர்ஜ் ஃபிளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ் கையில் கொல்லப்பட்ட சில வாரங்களுக்குள் மினசோட்டா ஃப்ரீடம் ஃபண்ட் என்ற சிறிய பிணை நிதியத்துக்கு 3 கோடி டொலருக்கு மேல் வந்து குவிந்தது. அவ்வளவையும் செலவழிக்கிற ஆளோ ஏற்பாடோ இல்லாமல் திணறி, கொடுத்தவர்களிடமே பேச்சு வாங்கினார்கள். மறுபக்கம் சிகாகோ. 2015இல் தொடங்கிய சமூகப் பிணை நிதியம் ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டே, பணப்பிணையே வேண்டாம் என்று மற்ற அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2023 செப்டெம்பர் 18 முதல் இல்லினோய் மாநிலத்தில் பணப்பிணை கிடையாது. அந்த நிதியம் தன் வேலையைத் தானே இல்லாமல் செய்துகொண்டது. இதை விளக்கியபோது சங்கத் தலைவர் சிரித்தார். "அப்போ நம்ம ஜீ.எஸ். கடதாசியும் வேணான்னு ஆக்கலாமா?" கேள்வி வேடிக்கையாகத்தான் வந்தது. ஆனால் அன்று கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். தோட்ட முகவரியை நிரூபிக்க வேறு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்றால் 16 நாள் இரண்டு நாளாகும்.

குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களே கடைசியில் முடிவெடுக்கும் வேலையைக் களத்துக்கு நெருக்கமானவர்களிடம் தள்ளிவிட்டது ஒன்றையும் அன்று கேள்விப்பட்டேன். ஓப்பன் பிலாந்த்ரோபி என்ற அமெரிக்கக் கொடை நிறுவனம் பல ஆண்டுகள் தானே நடத்திய அந்தத் திட்டத்தை 2021 நவம்பரில் 5 கோடி டொலரோடு ஜஸ்ட் இம்பாக்ட் என்ற தனி அமைப்பாகப் பிரித்துவிட்டது. எங்களுக்கு அந்த அளவெல்லாம் கனவிலும் வராது. ஆனால் அந்தச் செய்கைதான் வேண்டும், தொகை அல்ல.

சங்கம் கேட்டது மூன்று. வாரத்தில் இரண்டு நாள் நீதிமன்றப் பக்கம் நிற்க ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். விளக்கமறியல் நாட்களில் ஓர் இளம் சட்டத்தரணிக்குச் சிறு கொடுப்பனவு. ஜீ.எஸ். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பி மெஷின். நிறுவனம் கேட்டதோ எத்தனை பயனாளிகள், எத்தனை பயிற்சிப் பட்டறைகள், மீண்டும் குற்றம் செய்தவர் வீதம் என்ன. விண்ணப்பம் ஆங்கிலத்தில். தன்னார்வத் தொண்டு அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்த அமைப்புக்குத்தான் காசு அனுப்ப முடியும். எங்கள் சங்கம் அதில் பதிவில்லை. கொழும்பு அமைப்பு ஒன்றின் ஊடாக வாங்கலாம் என்றார்கள். நேரடியாகவே வாங்கலாமே என்று நான் சொன்னபோது தலைவர்தான் மறுத்தார். "சங்கத்துக் கணக்குல அவ்வளவு காசு விழுந்தா தோட்டத்துல ரெண்டு கட்சியாயிடும். எங்க பெட்டியில எங்க காசு மட்டும் இருக்கட்டும்." வெளிக்காசு வேண்டாம் என்பதில்லை, அது ஏட்டுக்குள் வரக் கூடாது என்பதே அவர் கணக்கு.

கடைசியில் கிடைத்தது மொழிபெயர்ப்பாளர் மட்டும், 'முன்னோடித் திட்டம்' என்ற பெயரில். சட்ட உதவிக்கு ஆணைக்குழு இருக்கிறதே என்று இரண்டாவதை விட்டார்கள். 1978 முதல் இருக்கிறது, உண்மைதான், பலருக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் அந்த அலுவலகம் வரை தோட்டத்து ஆளை யார் கூட்டிப் போவது? மெஷின் 'மூலதனச் செலவு' என்று தள்ளுபடி. பட்டறை மட்டும் ஒன்று நடத்தினார்கள். ஹோட்டலில், பகல் சாப்பாட்டோடு. நான் போனேன். கோழி நன்றாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் இருந்த 11 மாதமும் வித்தியாசம் தெரிந்தது. அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நீதவான் என்ன நிபந்தனை போட்டார், அடுத்த தவணை எந்தத் திகதி என்பதைத் தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த இடத்திலேயே தமிழில் சொன்னார். திகதி விளங்காமல் தவணை தவறி, பிடியாணை வந்து, பிணை நின்ற மாமனும் சேர்ந்து மாட்டுகிற அந்தப் பழைய கோலம் எங்கள் டிவிஷனில் அந்த மாதங்களில் நடக்கவில்லை. 2025 மார்ச்சில் திட்டக்காலம் முடிந்தது, நீடிக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்து, இலங்கையிலும் பல தொண்டு நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. எங்களுக்கு வந்தது அந்தக் காசு இல்லை. ஆனாலும் அந்தக் கிழமைகளில் கொழும்பில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு வருத்தம் உண்டு. அரசே நீண்ட காலம் எங்களுக்குச் செலவழிக்க வழி வைக்கவில்லை. தோட்டங்களுக்குள் காசு செலவழிக்கப் பிரதேச சபைகளுக்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரி 2018இல்தான் திருத்தப்பட்டது. அவ்வளவு காலம் தோட்டத்து மக்கள் தங்கள் சாவைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள், அந்தப் பழக்கத்திலிருந்துதான் பிணை ஏடும் வந்தது. அப்படிப்பட்டவர்களிடம் 'கொள்திறன் வளர்ப்பு' என்று ஆரம்பிக்காமல், மூன்று வருடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் சம்பளம் என்று ஆரம்பித்திருக்கலாம்.

வழக்கு என்ன ஆனது? இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிச் சமாதானமானார்கள், ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து முடிந்தது. வெட்டுப்பட்டவனும் பிடிபட்டவனும் இப்போது ஒரே வேனில் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள்.

போன மாதம் ஏட்டைப் பார்த்தேன். 14 பெயர். அதில் நான்கு பேர் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் செயலாளர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், திரும்பி வந்தால் அழித்துவிடலாம் என்று. ஜீ.எஸ். மாறிவிட்டார், புதியவர் எல்லாருக்கும் புதுப் படம் கேட்கிறாராம். அட்டைப் பிரதி எடுக்க இன்னும் டவுனுக்குத்தான் இறங்க வேண்டும்.